கூப்பன் அரிசியும் வெளியுறவும்

1971 ஏப்ரல். டாக்காவில் மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் தொடங்கிய வேட்டை நின்றபாடில்லை. அகதிகள் கூட்டம் கூட்டமாக இந்திய எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் இந்தியாவும் பாகிஸ்தானும் போரில் இறங்கப்போகின்றன. அப்படிப்பட்ட மாதத்தில் இரு நாடுகளின் ஹெலிகாப்டர்களும் ஒரே தீவுக்கு, ஒரே அரசைக் காப்பாற்ற வந்து சேர்ந்தன. பிரிட்டன் சிங்கப்பூரிலிருந்து ஆயுதம் அனுப்பியது. வியட்நாமில் எதிரெதிர் அணியில் நின்ற அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இங்கே ஒரே பக்கம் நின்றன: ஒன்று ஹெலிகாப்டர் உதிரிபாகங்களைக் கொடுத்தது, மற்றொன்று மிக்-17 போர் விமானங்களை அனுப்பியது. இரண்டே ஆண்டுகளுக்கு முன் உசூரி ஆற்றில் சோவியத் படைகளோடு சுட்டுக்கொண்ட சீனா, 15 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. யூகோஸ்லாவியாவும் எகிப்தும்கூட உதவின.

பனிப்போர் உச்சத்தில் இருந்த உலகில் இவர்கள் எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்கவைத்தது எந்த மாநாடும் அல்ல, இலங்கைக் கிராமப்புறங்களில் நாட்டுத் துப்பாக்கியும் கையெறி குண்டுமாகக் கிளம்பிய சில ஆயிரம் இளைஞர்கள். ஜனதா விமுக்தி பெரமுன என்ற ஜே.வி.பி.யின் உறுப்பினர்கள் அவர்கள். ஊர்மக்கள் வாயில் ‘சேகுவேராக்காரர்கள்’. ஏப்ரல் 5 அதிகாலை வெல்லவாய காவல் நிலையம் தாக்கப்பட்டது. அன்றிரவு நாடெங்கும் பல பத்துக் காவல் நிலையங்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. தலைவர் ரோஹண விஜேவீர அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். தரைப்படையில் பத்தாயிரம் பேர்கூட இல்லை. துப்பாக்கி இருந்த இடத்தில் தோட்டா இல்லை. பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க, கூப்பிட்டால் வரக்கூடிய எல்லோரையும் கூப்பிட்டார்.

அதற்கு முந்தைய ஆண்டில் அதே அரசு என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்தால்தான் இதன் விசித்திரம் விளங்கும். 1970 மே மாதம் இடதுசாரிக் கட்சிகளோடு கூட்டுச் சேர்ந்து பெரும் வெற்றி பெற்றவர் சிறிமாவோ. வந்ததும் வட கொரியா, வட வியட்நாம், கிழக்கு ஜெர்மனி ஆகியவற்றை அங்கீகரித்தார். இஸ்ரேலுடனான உறவை முறித்தார். அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்களை ஊருக்கு அனுப்பிவைத்தார். இந்த வெளியுறவுக் கொள்கையில் சித்தாந்தம் பளிச்சென்று தெரிந்தது. பத்து, பதினொரு மாதம் கழித்து அதே அரசு இலண்டனிடமும் வாஷிங்டனிடமும் தோட்டா கேட்டது. தான் புதிதாக அங்கீகரித்த வட கொரியாவின் தூதரகத்தை இழுத்து மூடச் சொல்லி, ஊழியர்களை நாட்டைவிட்டு வெளியேற்றியது. கிளர்ச்சியாளர்களோடு அந்தத் தூதரகத்துக்குத் தொடர்பு உண்டு என்பது அரசின் சந்தேகம்.

பன்னாட்டு உறவுகளைப் பற்றிய பழைய கோட்பாடுகளை வைத்துக்கொண்டு இதை விளக்க முடியாது. அர்த்தசாஸ்திரத்தின் மண்டலக் கோட்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: அண்டை நாட்டரசன் பகைவன், அவனுக்கு அடுத்தவன் நண்பன். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் வேறு சொற்களில் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். வெளியே யார் மிரட்டுகிறார்களோ, அவர்களுக்கு எதிராக ஒரு நாடு துணை தேடும். இதில் நாடு என்பது சுவரில்லாத ஒற்றை அறை போல, உள்ளே சண்டையே இல்லாததாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஸ்டீவன் டேவிட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1991-இல் இதை மறுத்தார். வளரும் நாடுகளில் ஆட்சியாளரின் கழுத்துக்கு வரும் கத்தி பெரும்பாலும் உள்ளூர்க் கத்திதான் என்றார் அவர். இராணுவச் சதி, கிளர்ச்சி, பிரிவினை, கொலை என்று ஆட்சி கவிழும் வழிகளில் முக்கால்வாசி வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. ஆகவே அந்த ஆட்சியாளர் வெளிநாட்டு நண்பரைத் தேர்ந்தெடுக்கும்போது, உள்ளூர் எதிரியை யார் அடக்கித் தருவார் என்று பார்க்கிறார். சில நேரம் அந்த உள்ளூர் எதிரிக்குப் பின்னால் நிற்கக்கூடிய வல்லரசோடேயே போய்க் கைகோத்துக்கொள்கிறார். அப்படிச் செய்தால் எதிரியின் வேர் அறுந்துவிடும்.

சீனக் கடனை இந்தக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். ஜே.வி.பி.யை மாவோவின் சீடர்கள் என்று உலகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. சூ என்லாய் சிறிமாவோவுக்குக் கடிதம் எழுதினார்; கிளர்ச்சியைச் சீனா ஆதரிக்கவில்லை என்பதை அதில் தெளிவாக்கினார். கடனும் அதை ஒட்டியே வந்தது. சிறிமாவோவுக்கு 15 கோடி ரூபாயைவிட அந்தக் கடிதம் பெரிது என்பது என் கணிப்பு. காட்டில் ஒளிந்திருந்த இளைஞனுக்குத் தன் புரட்சியின் புனிதத் தலமே தன்னைக் கைவிட்டுவிட்டது என்று தெரிந்தது.

கொடுத்தவர்களுக்கும் கணக்கு இருந்தது. 1971 ஜனவரியில் ‘கங்கா’ என்ற இந்திய விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதால், பாகிஸ்தான் விமானங்கள் தன் வான்வெளியில் பறக்க இந்தியா தடை விதித்திருந்தது. கராச்சியிலிருந்து டாக்காவுக்குப் போக வேண்டிய விமானங்கள் தீபகற்பத்தையே சுற்றி, கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிப் போயின. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையம் கைமாறினால் பாகிஸ்தானின் இரு பாதிகளுக்கும் இடையிலான கயிறு அறும். இந்தியாவுக்கோ தன் காலடியில் வேறு யாரும் வந்து காவல்காரராக உட்கார்ந்துவிடக் கூடாது. இந்தியத் துருப்புகள் அதே கட்டுநாயக்கவுக்குக் காவல் நின்றன. இந்தியக் கடற்படைக் கப்பல்கள் தீவைச் சுற்றி ரோந்து போயின. பாகிஸ்தான் விமானங்கள் வந்திறங்கும் நிலையத்தை இந்தியச் சிப்பாய் காவல் காத்தான்.

கிளர்ச்சி சில வாரங்களில் நசுக்கப்பட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம். மற்றவர்களின் கணக்கு அதைவிடப் பல மடங்கு. அவசரகால நிலை 1977 வரை நீடித்தது. 1971 அக்டோபரில் சிறிமாவோ ஐக்கிய நாடுகள் சபைக்குப் போய், இந்து சமுத்திரத்தை அமைதி மண்டலமாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டார். பொதுச்சபை அதைத் தீர்மானமாக நிறைவேற்றிய நாள் 1971 டிசம்பர் 16. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்ததும் அதே நாளில்தான். எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்கு வந்துகொண்டிருந்த வாரம் அது. பல நாட்டு ஆயுதங்கள் தன் வீட்டு முற்றத்தில் வந்திறங்கியதைக் கண்ட ஒரு பிரதமர், வல்லரசுகள் எல்லோரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் என்று உலகத்திடம் கேட்டதாகவே இந்தத் தீர்மானத்தை நான் படிக்கிறேன். அது நடக்கவில்லை என்பது வேறு கதை.

துப்பாக்கி இல்லாத நெருக்கடியும் இதே வேலையைச் செய்யும். அதற்கு 1952-க்குப் போக வேண்டும்.

கொரியப் போர் தொடங்கியதும் இரப்பர் விலை ஏறியது. இலங்கைக் கஜானா நிரம்பியது. 1952-இல் இரப்பர் விலை சரிந்தது, அரிசி விலை ஏறியது. 80 இலட்சம் மக்களுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைப் பர்மா போன்ற நாடுகளிலிருந்து வாங்க வேண்டும். கூப்பனுக்கு மலிவு விலையில் அரிசி கொடுப்பது அரசின் பொறுப்பு. வித்தியாசத்தைக் கஜானா தாங்க வேண்டும். மார்ச் மாதம் டி.எஸ். சேனநாயக்க குதிரையிலிருந்து விழுந்து இறந்துபோனார். மகன் டட்லி பிரதமராகி, மே மாதத் தேர்தலில் வென்றிருந்தார். எதிரே இடதுசாரிகளான சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும். டட்லியின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கம்யூனிசம் என்றாலே வேப்பங்காய்.

அமெரிக்காவிடம் அரிசிக்கும் இரப்பருக்கும் சாதகமான விலை கேட்டார்கள், கிடைக்கவில்லை. வணிக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்க சீனாவின் பக்கம் திரும்பினார். 1952 டிசம்பர் 18 அன்று ஐந்தாண்டு உடன்பாடு கையெழுத்தானது. ஆண்டுக்கு 2,70,000 டன் அரிசி சீனாவிலிருந்து வரும், 50,000 டன் இரப்பர் சீனாவுக்குப் போகும், அதுவும் சந்தை விலையைவிட அதிகமாக. கொரியாவில் சீனப் படைகள் அமெரிக்கரோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த நேரம் இது. சீனாவுக்குப் போர்முக்கியத்துவம் உள்ள பொருள்களை விற்கக் கூடாது என்று ஐ.நா. தீர்மானம் இருந்தது, இரப்பரும் அப்படிப்பட்ட பொருளாகவே கருதப்பட்டது. ஆனால் சோவியத் வீட்டோ காரணமாக இலங்கைக்கு அப்போது ஐ.நா. உறுப்புரிமையே கிடைத்திருக்கவில்லை, 1955 டிசம்பரில்தான் கிடைத்தது. உறுப்பினர் இல்லாத எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்பது கொழும்புக்கு வசதியான வாதமாகிவிட்டது. கம்யூனிச நாடு ஒன்றின் வீட்டோ, கம்யூனிச எதிர்ப்பு அரசு ஒன்று இன்னொரு கம்யூனிச நாட்டோடு வியாபாரம் செய்ய வழிவிட்டது. தூதர்களைப் பரிமாறிக்கொள்ள மட்டும் 1957 வரை ஆயிற்று. அமெரிக்காவின் தண்டனை, உதவி மறுப்பாக 1956 வரை நீடித்தது.

இத்தனை செய்தும் டட்லி தப்பவில்லை. கஜானாவின் பாரத்தைக் குறைக்க, 1953 ஜூலையில் நிதியமைச்சர் ஜே.ஆர். ஜயவர்தன கூப்பன் அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தினார். ஆகஸ்ட் 12 அன்று இடதுசாரிகள் ஹர்த்தால் அறிவித்தார்கள். தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற நியூஃபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறி அங்கேதான் கூடியது. சுதந்திரம் அடைந்து ஐந்து ஆண்டுகளில், சொந்த மக்களுக்குப் பயந்து முன்னாள் எசமானின் கப்பலில் உட்கார்ந்து ஆட்சி செய்தார்கள். அக்டோபரில் டட்லி பதவி விலகினார்.

இந்த இடத்தில் அரசியல் சட்டத்தின் ஒரு சின்னப் பிரிவைக் கவனிக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பின்படி பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமரிடமே இருக்க வேண்டும். தனி வெளியுறவு அமைச்சர் அப்போது கிடையாது. வீதியில் கொத்து அரிசிக்குக் கூச்சலிடும் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும், பீக்கிங்குக்கும் வாஷிங்டனுக்கும் கடிதம் எழுத வேண்டியவரும் ஒரே ஆள். உள்நாட்டுக் கொள்கை இந்த அறையில், வெளிநாட்டுக் கொள்கை அந்த அறையில் என்று பிரித்துவைக்க அவர் மண்டையில் இடமேது?

ராபர்ட் பட்னம் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் இதற்கு ஓர் உருவம் கொடுத்தார். ஒவ்வொரு தலைவரும் ஒரே நேரத்தில் இரண்டு பலகைகளில் காய் நகர்த்துகிறார். ஒரு பலகையின் மறுபக்கம் வெளிநாட்டார். இன்னொன்றின் மறுபக்கம் சொந்தக் கட்சி, தொழிற்சங்கம், மதகுருமார், இராணுவம், வாக்காளர். இங்கே வெல்லும் நகர்வு அங்கே தோல்வியாகலாம். இரண்டிலும் தாக்குப்பிடிக்கும் நகர்வுகள் மிகச் சிலவே; நெருக்கடி வரும்போது அந்தச் சிலவும் சுருங்கும். பட்னம் சொன்னதில் எனக்குப் பிடித்தது இதன் மறுபக்கம். உள்ளூரில் கை கட்டப்பட்ட தலைவர் வெளிநாட்டாரிடம் பேரம் பேசும்போது சில நேரம் பலசாலியாகிவிடுகிறார். “இதற்கு மேல் விட்டுக்கொடுத்தால் என் ஆட்சியே போய்விடும், அடுத்து வருபவன் என்னைவிட மோசமானவன்” என்று சொல்ல முடிகிறவரிடம் எதிராளி அதிகம் கேட்பதில்லை.

2021 பிப்ரவரியில் இது நடந்தது. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்குக் கொள்கலன் முனையத்தை இந்தியா, ஜப்பானோடு சேர்ந்து நடத்த 2019-இல் போட்ட உடன்பாட்டை கோட்டாபய ராஜபக்ச அரசு கைவிட்டது. துறைமுகத் தொழிற்சங்கங்கள் போர்க்கொடி தூக்கின. அரசை ஆட்சியில் ஏற்றிய பிக்குகளும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை கொண்ட அரசு, இரண்டு பெரிய நாடுகளிடம் “சங்கத்துக்காரர்கள் விடமாட்டேன் என்கிறார்கள்” என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு மேற்கு முனையத்தைக் கொடுத்தது. புதுடெல்லி முகம் சுளித்தது, ஆனாலும் வாங்கிக்கொண்டது.

உள்வீட்டுச் சிக்கலை அயல்நாட்டுக் கணக்கில் எழுதுவதும் உண்டு. அதில் மிகக் கொடுமையானது மலையகத் தமிழரின் கதை. தலைமுறைகளாகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்தவர்களை 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. அவர்களின் வாக்கு இடதுசாரிகளுக்குப் போகிறது என்ற கட்சிக் கணக்கும், கண்டிச் சிங்களரின் நில அச்சமும் அதற்குப் பின்னால் இருந்தன. முழுக்க முழுக்க உள்நாட்டு அரசியல். ஆனால் சட்டம் நிறைவேறிய மறுநாளே அது இந்திய-இலங்கைப் பிரச்சினை ஆகிவிட்டது. நேரு அவர்களை இந்தியாவின் பொறுப்பாக ஏற்க மறுத்தார். 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு 1974-இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கச்சத்தீவு உடன்பாடும் 1974-இல்தான். 1971-இல் கைகொடுத்த உறவின் தொடர்ச்சியாக அதைப் பார்ப்பவர்கள் உண்டு. நானும் ஓரளவு அப்படித்தான் பார்க்கிறேன். 1971 கிளர்ச்சிக்கு முன் ஜே.வி.பி. தன் ஆள்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்றின் தலைப்பு ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. அந்த வகுப்பில் தோட்டத் தொழிலாளியையும் அதன் கருவி என்றே சொல்லிக்கொடுத்தார்கள்.

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின் நடந்தவை தமிழ் வாசகருக்குத் தெரிந்தவை. வெளியுறவுக் கோணத்தில் மட்டும் சொல்கிறேன். ஜயவர்தன இப்போது சர்வ அதிகாரம் கொண்ட ஜனாதிபதி. வடக்கில் ஆயுதப் போராட்டம், அந்த இயக்கங்களுக்கு இந்தியாவில் பயிற்சி. அவர் மேற்கைப் பார்த்தார். 1984-இல் அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலுக்கு ஒரு அலுவல் பிரிவு திறந்தது. இஸ்ரேலியப் பயிற்சியாளர்கள் வந்தார்கள். பிரித்தானியச் சிறப்புப் படையின் ஓய்வுபெற்ற ஆள்கள் காவல்துறை அதிரடிப்படைக்குப் பயிற்சி தந்தார்கள். பாகிஸ்தானும் சீனாவும் ஆயுதம் தந்தன. சிறிமாவோ 1970-இல் மூடிய கதவுகள் எல்லாம் திறந்தன; காரணம் மட்டும் மாறவில்லை, உள்ளூர் எதிரியை அடக்க ஆள் வேண்டும். இந்த ஒவ்வொரு விருந்தாளியும் புதுடெல்லியின் கண்ணில் முள்ளாகக் குத்தினார்.

1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஐந்து ஆன்டனோவ் விமானங்கள் மிராஜ் போர் விமானங்களின் காவலோடு யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. இலங்கை கேட்டும் பெரிய நாடு எதுவும் எழுந்து நிற்கவில்லை. எட்டே வாரத்தில், ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம். மாகாண சபை, ஆயுதக் களைவு, வடகிழக்கு இணைப்பு என்று ஒப்பந்தத்தின் உடல் முழுக்க உள்நாட்டு விவகாரம். வெளியுறவு எங்கே என்றால், ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் அதே நாளில் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருந்தது. வெளிநாட்டு இராணுவ, உளவு ஆள்கள் இலங்கையில் இருப்பதைப் பற்றி மறுபரிசீலனை. இந்தியாவின் நலனுக்குக் கேடாகத் திருகோணமலையையோ வேறு துறைமுகத்தையோ யாருக்கும் கொடுக்கக் கூடாது. வெளிநாட்டு வானொலி நிலையங்களை இராணுவ வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. திருகோணமலை எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து புதுப்பித்து நடத்த வேண்டும். தமிழர் பிரச்சினைக்குத் தீர்வு என்று பேசப்பட்ட மேசையில் எண்ணெய்த் தொட்டிக்கும் ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது.

அதன் எதிரொலி தெற்கில் கேட்டது. ஒப்பந்தத்தின் பேரில் இந்தியப் படை வந்திறங்கியதைக் காட்டியே ஜே.வி.பி. இரண்டாவது முறை ஆயுதம் எடுத்தது. 1989-இல் ஜனாதிபதியான பிரேமதாசவுக்கு முன்னால் இரண்டு கிளர்ச்சிகள், ஓர் அந்நியப் படை. தெற்கின் நெருப்புக்கு எண்ணெய் வார்ப்பது அந்தப் படைதான் என்று கணித்தார். படையை வெளியேறச் சொன்னார். அது தயங்கியபோது, அதோடு சண்டையிட்டுக்கொண்டிருந்த விடுதலைப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார். தன் நாட்டைப் பிரிக்கப் போராடும் இயக்கத்துக்கு ஓர் அரசே ஆயுதம் கொடுத்ததைப் பழைய கோட்பாடு எதுவும் விளக்காது. டேவிட்டின் கோட்பாடு விளக்கும். 1990 மார்ச்சில் கடைசி இந்தியச் சிப்பாய் கப்பலேறினான். ஜூனில் அரசுக்கும் புலிகளுக்கும் மறுபடி போர்.

இது இலங்கைக்கு மட்டும் வந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். நேபாள மன்னர் மகேந்திரா 1960 டிசம்பரில் பி.பி. கொய்ராலாவின் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசைக் கலைத்தார். அடுத்த அக்டோபரிலேயே காத்மாண்டுவைத் திபெத் எல்லையோடு இணைக்கும் சாலைக்குச் சீனாவோடு கையெழுத்திட்டார். மாலத்தீவில் 1988 நவம்பர் 3 அன்று இலங்கைத் தமிழ் இயக்கம் ஒன்றின் ஆள்களைக் கூலிக்கு வைத்து நடந்த சதியை, அன்றிரவே வந்திறங்கிய இந்தியப் பாராசூட் படை முறியடித்தது. அதன்பின் மாலே பல ஆண்டுகள் டெல்லியை விட்டு விலகவில்லை. இந்தியாவே விதிவிலக்கு அல்ல. 2013 மார்ச்சில் தமிழ்நாட்டில் மாணவர் போராட்டம் கொதித்தது, தி.மு.க. மத்தியக் கூட்டணியை விட்டு வெளியேறியது. இரண்டு நாள் கழித்து ஜெனிவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கைக்கு எதிரான தீர்மானத்துக்கு இந்தியா வாக்களித்தது. நவம்பரில் கொழும்பில் நடந்த காமன்வெல்த் மாநாட்டுக்கு மன்மோகன் சிங் போகவில்லை.

எல்லாவற்றையும் உள்நாட்டு நெருக்கடியின் தலையில் கட்டுவதும் தவறு. பாக் நீரிணையின் அகலத்தை எந்தக் கலகமும் மாற்றாது. திருகோணமலையின் ஆழமான இயற்கைத் துறைமுகம் யார் ஆண்டாலும் அங்கேயேதான் இருக்கும். புவியியல் யார் யார் கதவைத் தட்டுவார்கள் என்பதைத் தீர்மானிக்கிறது. கதவு எந்த நாளில், எந்த விலைக்குத் திறக்கும் என்பதை வீட்டுக்குள் நடக்கும் சண்டை தீர்மானிக்கிறது. அந்த விலையைக் கொடுப்பவர் பெரும்பாலும் திறந்த அரசு அல்ல, அடுத்தடுத்து வரும் அரசுகள். 2018 அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி சிறிசேன திடீரென்று பிரதமர் ரணிலை நீக்கி மகிந்தவைப் பிரதமராக்கினார். உச்சநீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு டிசம்பர் நடுவில் ரணில் திரும்பி வந்தார். ஏழே வாரம். அதற்குள் அமெரிக்கா, ஜப்பான் உதவித் திட்டங்கள் நின்றன. மூடீஸ், ஃபிட்ச், எஸ் அண்ட் பி மூன்றும் நாட்டின் கடன் தரத்தை இறக்கின. நாற்காலிச் சண்டை முடிந்தபோது நாற்காலி பழைய ஆளிடமே இருந்தது, வட்டி மட்டும் ஏறியிருந்தது.

2022-இன் பொருளாதார நெருக்கடிக்கு வருவோம். அந்த நெருக்கடியின் விதை 2019 டிசம்பரில் தேர்தல் வாக்குறுதிக்காகக் கொடுத்த வரிக்குறைப்பில் இருக்கிறது. மதிப்புக்கூட்டு வரி 15-இலிருந்து 8 விழுக்காடானது. பிறகு கொரோனா, சுற்றுலா வீழ்ச்சி, இரசாயன உரத் தடை. டாலர் வற்றியது. ஐ.எம்.எஃப்.-இடம் போனால் கொடுத்த வரிச்சலுகையைத் திரும்ப வாங்கச் சொல்வார்கள். அது வாக்காளர் முன் தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். அதனால் சீனா, இந்தியா, பங்களாதேஷ் என்று ஒவ்வொருவரிடமும் கைமாற்று வாங்கி நாள் கடத்தினார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். ஜூலை தொடக்கத்தில் கோட்டாபய, எரிபொருளைக் கடனுக்குத் தரச்சொல்லிப் புதினுக்குப் போன் செய்தார். அடுத்த வாரம் அவரே மாலத்தீவுக்குத் தப்பியோடினார்.

அந்த ஆண்டில் இந்தியா தந்த உதவி ஏறக்குறைய 400 கோடி டாலர். கடன்வரிசை, எரிபொருள், மருந்து, அரிசி எல்லாம் அதில் அடக்கம். பக்கத்து வீட்டுக்காரர் மூழ்கும்போது கைகொடுத்ததைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தேதிகளைக் கவனியுங்கள். 2022 ஜனவரி 6 அன்று திருகோணமலை எண்ணெய்த் தொட்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஜனவரியில் இந்தியாவின் 40 கோடி டாலர் நாணயப் பரிமாற்ற உதவி வந்தது. பிரித்தானிய ஆட்சிக் காலத்தில் அவர்களின் கடற்படைக்காகக் கட்டிய தொட்டிகள் அவை. 1987 கடிதத்தில் எழுதியபடி கூட்டாக நடத்துவதை 34 ஆண்டுகளாக எந்த அரசும் முழுமையாக நிறைவேற்றவில்லை. ஒவ்வொரு முறையும் தொழிற்சங்கமோ எதிர்க்கட்சியோ கூட்டணிக்குள்ளேயே ஒருவரோ தடுத்தார்கள். ஒரு நெருக்கடியில் எழுதிய வரியை நிறைவேற்ற இன்னொரு நெருக்கடி வேண்டியிருந்தது. மொத்தம் 99 தொட்டிகள்: இந்திய எண்ணெய் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு 61. கூட்டு நிறுவனத்தில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 விழுக்காடு, ஐ.ஓ.சி.யின் பங்கு 49. குத்தகைக் காலம் 50 ஆண்டுகள்.